சிசிஎன்ஏ தொடங்குபவர்களுக்கு: ஒரு மாங்கூழ் ஆலைக்கு நெட்வொர்க் போட்டுப் பழகுவோம்

கிருஷ்ணகிரிப் பக்கம் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "பெங்களூரில் எந்த சென்டரில் சேரலாம்?" என்றுதான். தாராளமாகச் சேருங்கள். ஆனால் பணம் கட்டும் முன் இந்தப் பயிற்சியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். தேர்வின் எண் 200-301. நேரம் 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி. அதில் ஐபி இணைப்புப் பகுதிக்கு மட்டும் 25 சதவீதம்.

மென்பொருளுக்கு, நெட்வொர்க்கைத் திரையிலேயே போட்டுப் பார்க்க உதவும் பாக்கெட் டிரேசர் போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகக் கிடைக்கும். அதே வேலைக்கான ஜிஎன்எஸ்3-உம் நல்ல கருவிதான், ஆனால் ரௌட்டருக்கான (நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) மென்பொருளை நாமே தேடிப் போட வேண்டும், பழைய லேப்டாப் திணறும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: முகவரி பிரித்தல்

நம் ஊரில் மாங்கூழ் ஆலைக்கா பஞ்சம்? ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அலுவலகத்தில் 50 கம்ப்யூட்டர், டெஸ்பாட்ச் பிரிவில் 20, சிசிடிவி கேமரா 10. கையில் இருப்பது 192.168.10.0/24, அதாவது கடைசி எண் 0 முதல் 255 வரை மாறும் 256 ஐபி முகவரிகள். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் கூடக் கூடத் துண்டு சிறிதாகும்.

பாகப்பிரிவினை மாதிரிதான், பெரிய பங்கை முதலில் அளந்து ஒதுக்க வேண்டும். 50 பேருக்கு 64 முகவரி கொண்ட /26. முதலும் கடைசியும் யாருக்கும் தர முடியாது, மீதி 62. ஆக 0 முதல் 63 வரை அலுவலகத்துக்கு. அடுத்து 20 பேருக்கு /27, 64 முதல் 95 வரை. கேமராவுக்கு /28, 96 முதல் 111 வரை.

துண்டின் அளவைக் குறிக்கும் மாஸ்க் (255.255.255 என்று தொடங்கும் எண்) முறையே 192, 224, 240 என்று முடியும். 256-இல் இருந்து அந்த எண்ணைக் கழித்தால் துண்டின் அளவு வந்துவிடும். இப்படித் துண்டு பிரித்துத் தரும் சப்நெட் கால்குலேட்டரைத் தொடாதீர்கள், தேர்வு அறையில் அது கிடையாது. தினமும் பேப்பரில் பத்துக் கணக்கு போட்டாலே கை பழகிவிடும்.

படி 2: ஸ்விட்ச்

2960 ஸ்விட்ச் (ஒரே இடத்துக் கருவிகளைச் சேர்க்கும் பெட்டி) ஒன்று, 2911 ரௌட்டர் ஒன்று. அலுவலகம், டெஸ்பாட்ச், கேமராவுக்கு முறையே விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) 10, 20, 30 உருவாக்கி, போர்ட்களை அக்சஸ் முறையில், அதாவது ஒரு போர்ட்டுக்கு ஒரு விலேன் என்று, பிரித்துக் கொடுங்கள். ரௌட்டருக்குப் போகும் போர்ட் மட்டும் ட்ரங்க், அதாவது எல்லா விலேனையும் சுமக்கும் போர்ட்.

படி 3: ரௌட்டர்

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே கேபிளில் மூன்று விலேனும் வருவதால் ஜிகாபிட் 0/0 போர்ட்டுக்குள் 0/0.10, 0/0.20, 0/0.30 என்று மூன்று துணை இன்டர்ஃபேஸ் வேண்டும். ஒவ்வொன்றிலும் முதலில், எந்த விலேன் என்று அடையாளம் காட்டும் 'என்காப்சுலேஷன் டாட்1க்யூ' கட்டளை, கூடவே அந்த விலேன் எண். அதன் பிறகுதான் ஐபி முகவரி. வரிசை மாறினால் ரௌட்டர் முகவரியை ஏற்காது. முகவரிகள் .1, .65, .97. இவைதான் அந்தந்தப் பிரிவின் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல்.

எல்லாம் சரியாகப் போட்டும் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லையா? மூல போர்ட் 0/0-க்குள் போய் 'நோ ஷட்டவுன்' கொடுத்தீர்களா என்று பாருங்கள். சிஸ்கோ ரௌட்டர் போர்ட்கள் மூடியபடியேதான் வரும். துணை இன்டர்ஃபேஸில் மட்டும் அதைக் கொடுத்து எந்தப் பயனும் இல்லை. மூல போர்ட்டுக்கு இந்த அமைப்பில் ஐபியும் தேவையில்லை.

இன்னொன்று. கட்டளையில் எழுத்துப்பிழை வந்தால், ரௌட்டர் அதை ஏதோ ஒரு கணினியின் பெயர் என்று எண்ணி டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தரும் சேவை) தேடிக்கொண்டே நிற்கும். முதல் வேலையாக 'நோ ஐபி டொமைன்-லுக்கப்' போட்டுவிடுங்கள்.

படி 4: சோதனை

அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து கேமராவுக்குப் பிங் கொடுங்கள். முதல் ஒன்றிரண்டு பதில் வராமல் போகலாம், பயப்படாதீர்கள். ஐபி முகவரியை வைத்து எதிர்க் கருவியின் மேக் முகவரியை (கருவியோடு வரும் வன்பொருள் எண்) ஏஆர்பி முறையில் கண்டுபிடிக்கும் நேரம் அது. மறுபடி கொடுத்தால் நான்கும் வரும். அப்போதும் வராவிட்டால் கம்ப்யூட்டரிலும் கேமராவிலும் கேட்வே நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை: 2960-க்குப் பதில் 3560 வைத்துச் செய்த ஓசூர் வாசகர் ஒருவருக்கு ட்ரங்க் கட்டளை நிராகரிக்கப்பட்டதாம். அந்த ஸ்விட்சில் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் என்காப்சுலேஷன் டாட்1க்யூ' என்பதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ட்ரங்க் முறைக்கு மாற்றுங்கள். 2960-இல் இந்தக் கட்டளையே கிடையாது, அங்கே தேடாதீர்கள்.