ஜெப ஆலயத்தில் மாற்றுத்திறனாளி தன் இடத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடை, ஓட்டல், திரையரங்கு என்று எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். ஆனால் வழிபாட்டு இடங்களுக்கு விலக்கு உண்டு. எனவே ஒரு யூத ஜெப ஆலயத்தில் சாய்தளம் இல்லை என்று அந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 2010-இன் சமத்துவச் சட்டம் வழிபாட்டு இடங்களுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் இருப்பவருக்குக் கேட்டு வாங்குவதுதான் வழி. சரியான ஆளிடம், அளவோடு, எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

யாரிடம் எதைக் கேட்பது

கோரிக்கை கிடப்பில் போவதற்கு முதல் காரணம் விலாசம் தவறுவது. மத விதி தொடர்பான எதற்கும் முடிவு சொல்பவர் ரபி என்ற மதகுரு. தோரா என்ற வேதச் சுருளின் வாசிப்புக்கு யாரை அழைப்பது, யாருக்கு எந்த மரியாதை தருவது என்பதெல்லாம் கபாய் என்ற பொறுப்பாளர் கையில். கட்டடமும் பணமும் நிர்வாகக் குழுவுக்கு. ரபியிடம் சாய்தளம் கேட்டால் "குழுவிடம் கேளுங்கள்" என்பார். குழுவிடம் ஒலிவாங்கி கேட்டால் "ரபி என்ன சொல்கிறாரோ" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடம் ஓடிவிடும். ஆகவே ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல் ஆளுக்கு ஒரு கடிதமாகப் பிரித்து அனுப்புங்கள்.

காலமும் முக்கியம். பல ஆலயங்களில் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. செலவு பிடிக்கும் கோரிக்கையை ஜனவரி, பிப்ரவரியிலேயே கொடுத்துவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் வரும் ரோஷ் ஹஷானா (புத்தாண்டு), யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நோன்பு) நாட்களுக்கு சைகைமொழி பெயர்ப்பாளர் தேவையென்றால் கோடையின் தொடக்கத்திலேயே கேளுங்கள். இரண்டு மணி நேர வழிபாட்டை ஒருவரே பெயர்க்க முடியாது. இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டும், அவர்களுக்கு வழிபாட்டுப் பக்கங்களும் பிரசங்கமும் முன்கூட்டியே கைக்குப் போக வேண்டும்.

பிப்ரவரி மாதம் 2009 முதல் யூத மாற்றுத்திறனாளிகள் விழிப்புணர்வு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த மாதத்தில் உங்களை மேடையேறிப் பேசச் சொல்வார்கள், மேடைக்குச் சாய்தளம் இருக்காது. பேசுங்கள், ஆனால் கோரிக்கை எந்தத் தேதிக் கூட்டத்தில் எடுக்கப்படும் என்பதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேசுங்கள்.

கடிதம்

"உதவி தேவை" என்று எழுதினால் அனுதாபம் வரும், மேசை வராது. இப்படி எழுதலாம் (ஷபாத் என்பது வெள்ளி மாலை தொடங்கும் சனிக்கிழமை ஓய்வு நாள்):

"மார்ச் மாதம் என் தந்தையின் நினைவு நாளுக்கு முந்தைய ஷபாத் காலையில் தோராவுக்கு அழைக்கப்பட விரும்புகிறேன். சக்கர நாற்காலியில் வருவேன். அதன் அகலம் 26 அங்குலம். மேடைக்கு மூன்று படிகள் இருப்பதால், அன்றைய வாசிப்பு முழுவதையும் தரையில் போட்ட மேசையில் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். மேசையின் அடியில் 27 அங்குல உயரமும் 30 அங்குல அகலமும் காலியாக இருக்க வேண்டும். மேல்தளம் 34 அங்குலத்துக்கு மிகக் கூடாது. பிப்ரவரி 10-க்குள் பதில் தந்தால் ஒரு முறை வந்து ஒத்திகை பார்த்துக்கொள்வேன்."

நோயின் பெயர், மருத்துவ வரலாறு எதுவும் தேவையில்லை. எழுதுபவருக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு இருந்தால் வாக்கியங்களைச் சுருக்கி, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். சந்திப்புக்கு அம்மாவோ அண்ணனோ கூட வரலாம். முதலில் பேசுவது கோரிக்கைக்கு உரியவராக இருக்கட்டும். துணைக்கு வந்தவரைப் பார்த்தே ரபி பேசினால், "அவரையே கேளுங்கள்" என்று துணையாள் சொன்னால் போதும்.

மேடை

தோரா வாசிக்கும் மேடைக்கு பீமா என்று பெயர். ஒரு படி 7 அங்குலம் என்றால் மூன்று படிக்கு 21 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. ஆக 21 அடி நீளம் வேண்டும், அகலம் 36 அங்குலம், மேலும் கீழும் 60 அங்குலச் சமதளம். பழைய கூடங்களில் இதற்கு இடமே இருக்காது. இடம் இல்லையென்று செங்குத்தாகப் போடும் சாய்தளம் ஆபத்து: ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும், இறங்கும்போது கையை மீறி ஓடும். நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்குவதற்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

எளிதான தீர்வு தரையில் மேசை. அதற்கு ஒரு மறுப்பு வரும்: "மனிதர்தான் தோராவிடம் போக வேண்டும், தோராவை மனிதரிடம் கொண்டுவரக் கூடாது." ஒருவருக்காக மட்டும் சுருளைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினால்தான் இந்தச் சிக்கல். ஷபாத் காலையில் ஏழு பேர் அழைக்கப்படுவார்கள். முதல் ஆளிலிருந்து எல்லோரும் கீழேயே வந்து ஆசி சொல்லிவிட்டால், தோரா அன்று இருக்கும் இடமே அதுதான். எல்லோரும் அதனிடம் வருகிறார்கள்.

மேசையை அளக்கும்போது தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. மேசை 30 அங்குல உயரம் என்று தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அதன்மேல் சாய்வுப் பலகை ஒன்றை வைப்பார்கள், உயரம் 38 ஆகிவிடும். எல்லாவற்றையும் வைத்தபின் அளக்க வேண்டும். மேசை விளிம்பின் கீழே குறுக்குச் சட்டம் இருந்தால் முழங்கால் அங்கேயே முட்டும். மேசை விரிப்பு தரைவரை தொங்கினால் சக்கரத்தில் சிக்கும்.

சுருள் பத்து கிலோவைத் தாண்டலாம். அது விழுந்தால் கண்டவர்கள் நோன்பிருக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். சுருளை ஏந்திச் செல்லும் ஊர்வலத்தில் அதை மடியில் வைத்துக்கொள்ள விரும்பினால் ஆலயத்தில் இருக்கும் சிறிய சுருளைக் கேளுங்கள். பக்கத்தில் ஒருவர் நடக்கட்டும். சுருள்களை வைக்கும் பேழையின் திரையை இழுப்பதும் ஒரு மரியாதைதான். கயிற்றின் நுனி 48 அங்குலத்துக்குக் கீழே தொங்கினால் உட்கார்ந்தபடியே இழுக்கலாம்.

உட்காரும் இடத்தைக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுக்குவார்கள். நடுவில் ஒரு பெஞ்சை 36 அங்குலம் வெட்டிக் கொடுத்தால் குடும்பத்தோடு உட்காரலாம். தச்சருக்கு அரைநாள் வேலை. நின்று சொல்லும் அமிதா ஜெபத்தை நிற்க முடியாதவர் உட்கார்ந்தோ படுத்தோ சொல்லலாம் என்பது ஷுல்ஹான் அரூக் சட்டத் தொகுப்பிலேயே உள்ளது. "எல்லோரும் எழுந்திருங்கள்" என்பதை "இயன்றவர்கள்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

ஷபாத்தும் மின்சாரமும்

சீர்திருத்தப் பிரிவு ஆலயங்களில் ஒலிவாங்கி சாதாரணம். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவு ஆலயங்களில் ஷபாத் அன்று மின்சாரத்தைப் போடவும் அணைக்கவும் மாட்டார்கள். முன்பே போட்ட காதுக் கருவிக்குப் பொதுவாகத் தடையில்லை. புது பேட்டரியை வெள்ளி மதியமே மாற்றிவிடுங்கள். மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலிக்கு இஸ்ரேலின் ட்ஸோமெத் நிறுவனம் ஷபாத்துக்கென வடிவமைத்த மாற்று ஏற்பாடுகள் உண்டு. உங்கள் ரபி ஏற்கிறாரா என்று முன்பே கேளுங்கள். ஷபாத்தில் ஏருவ் என்ற எல்லைக் கம்பி சுற்றிய பகுதிக்குள் மட்டுமே தெருவில் எதையும் சுமக்கலாம், தள்ளலாம்; எனவே கையால் தள்ளும் சக்கர நாற்காலிக்கு அந்தக் கம்பி அறுபடாமல் இருக்க வேண்டும். அதன் நிலையை வாராவாரம் அறிவிப்பார்கள்.

குரல் தரும் கருவியில் பேசுகிற பிள்ளைக்கு பார் மிட்ஸ்வா (பதின்மூன்று வயதில் தோராவுக்கு அழைக்கப்படும் சடங்கு) என்றால் ஷபாத்தை விட்டுவிடுங்கள். திங்களும் வியாழனும் காலையில் தோரா வாசிப்பு உண்டு. வாசிப்பு சின்னது, மூன்றே பேர்தான் அழைக்கப்படுவார்கள். மின்சாரத் தடையும் இல்லை. கருவி, ஒலிவாங்கி, திரையில் வசன வரி எல்லாம் வைக்கலாம். கருவியில் ஒலிக்கும் ஆசி செல்லுமா என்பதை மட்டும் ரபியிடம் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

காது, கண், சத்தம்

பல ஆலயங்களில் வாசிப்பவர் பேழையைப் பார்த்து நிற்பதால் உதட்டசைவைப் படிப்பவருக்கு ஒன்றும் எட்டாது. புரட்டும் அட்டையில் பக்க எண் காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் வேண்டாத உதவி. சைகைமொழி பெயர்ப்பாளர் வெளிச்சத்தில், வாசிப்பவருக்கு அருகில் நிற்க வேண்டும். பேசவும் கேட்கவும் இயலாதவரை தால்முத் என்ற பழைய யூதச் சட்ட நூல் மதக் கடமைகளிலிருந்து விலக்கியது; சைகைமொழி பேசுபவருக்கு அது பொருந்தாது, அவரைக் கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது தேவையான பத்துப் பேரில் எண்ணலாம் என்று, சீர்திருத்தத்துக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2011-இல் தீர்மானித்தது. அந்தப் பிரிவு ஆலயத்தில் யாராவது தயங்கினால் அதைக் காட்டுங்கள்.

பார்வையற்றவருக்கு, 1931-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஜேபிஐ நூலகம் பிரெய்லியிலும் பெரிய எழுத்திலும் ஜெபநூல்கள் தருகிறது. பண்டிகைக்குப் பல வாரம் முன்பே கேளுங்கள். பெரிய எழுத்து என்றால் 18 புள்ளிக்குக் குறையாமல். வழிகாட்டி நாயை வாசலில் நிறுத்தினால், அதை உள்ளே அனுமதித்து ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் அளித்த தீர்ப்பை நினைவூட்டுங்கள். ஆர்த்தடாக்ஸ் உலகில் அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

சத்தம் தாங்காதவருக்கு இரண்டு நாட்கள் கஷ்டம்: பூரிம் பண்டிகையில் எஸ்தர் கதையை வாசிக்கையில் வில்லன் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை, ரோஷ் ஹஷானாவில் கொம்பு. பூரிமுக்குக் கொடி அசைக்கும் தனி வாசிப்பைக் கேளுங்கள். கொம்பு ஊதும் நேரத்தை முன்பே எழுதி வாங்கிக்கொண்டால் வெளியே போய்வரலாம்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் பாருங்கள்; அதே கடிதத்தை, பழைய தேதியைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்புங்கள். "விதி இடம் தராது" என்றால் எந்த விதி, எங்கே உள்ளது என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதி நேரம் அது விதியாக இருக்காது, வழக்கமாக இருக்கும். "பணமில்லை" என்றால் மேசை, அட்டை, பெஞ்சு வெட்டுதல் ஆகிய மூன்றின் விலையை நீங்களே விசாரித்துக் கொடுங்கள். ஆலயத்தில் மாற்றுத்திறனாளிகளின் தேவைகளுக்கென ஒரு குழு இருந்தால் அதில் பெற்றோர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்களா, மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்களா என்று பார்த்து, ஓர் இடம் கேளுங்கள். காரியம் முடிந்ததும் மேசையின் அளவுகளையும் அதை எந்த அறையில் வைத்தார்கள் என்பதையும் எழுதிக் கபாயின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். கபாய் மாறினாலும் கோப்பு அங்கேயே இருக்கும்.