பள்ளிக்கு ஏசி வேண்டுமா: முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

வகுப்பறைகளுக்கு ஏசி பொருத்தலாமா என்ற பேச்சு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மார்ச் மாதப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, ஆகஸ்ட் மாலை மழையில் தானாக அடங்கிவிடுகிறது. மறு ஆண்டு அதே பேச்சு அதே இடத்திலிருந்து தொடங்குகிறது. தலைமையாசிரியர், தாளாளர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் ஆகியோர் இதை ஒருமுறை ஒழுங்காக ஆராய்ந்து முடிவு காண இந்தக் குறிப்பு உதவும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏசி ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் தவறு, எல்லா அறைக்கும் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. பள்ளி முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்காமல், அறை அறையாக எடுக்க வேண்டும்.

வெப்பம் படிப்பைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஏசி இல்லாத பள்ளிகளில் கல்வியாண்டின் சராசரி வெப்பம் பாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரி கூடினால் அந்த ஆண்டுக் கற்றலில் ஒரு விழுக்காடு குறைகிறது என்றும், பள்ளியில் ஏசி இருந்தால் அந்த இழப்பு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது என்றும் கண்டது. நம் ஊரில் கத்திரி வெயில் மே விடுமுறைக்குள் அடங்கிவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. வெயில் தணியாததால் 2023இலும் 2024இலும் பள்ளித் திறப்பு ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஆண்டுத் தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலும், பாடம் சூடுபிடிக்கும் ஜூன், ஜூலையும் சேர்ந்து ஏறக்குறைய எண்பது பள்ளி நாள்கள் கடும் புழுக்கத்தில் கழிகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் கருவிகளில் மூன்று நான்கை வாங்கி, தரைத்தளத்தில் ஓர் அறை, மேல்தளத்தில் மேற்குப் பார்த்த ஓர் அறை, தகரக் கூரை போட்ட அறை இருந்தால் அதில் ஒன்று என்று மாட்டுங்கள். பிள்ளைகள் உட்காரும் உயரத்தில், கடைசி பெஞ்சின் அருகில், வெயிலோ மின்விசிறிக் காற்றோ நேரே படாத இடத்தில் அது இருக்க வேண்டும். காலை பத்து, நண்பகல் பன்னிரண்டு, பிற்பகல் இரண்டு, மூன்றரை என நான்கு வேளையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவர்களுக்கு அதுவே ஓர் அறிவியல் பாடம். மேற்கூரையின் அடிப்புறச் சூட்டை அளக்க, தொழிற்சாலைகளில் பயன்படும் தொடாமல் அளக்கும் வெப்பமானியை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி உடல்வெப்ப அளவுக்கு மட்டுமே ஆனது என்பதால் இதற்கு உதவாது.

எந்த அளவுக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு மேலைநாட்டு அளவுகோல் நமக்குப் பொருந்தாது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் இந்தியக் கட்டடங்களுக்கென வகுத்த கணக்கின்படி, சன்னல் திறந்த கட்டடத்தில் இருப்பவர்கள் வெளி வெப்பத்துக்குப் பழகிவிடுவதால், வெளியே சராசரி 33 டிகிரி செல்சியசாக இருக்கும் காலத்தில் உள்ளே 30 டிகிரியைத் தாண்டியும் இயல்பாகவே இருப்பார்கள். 33 வரை பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். எனவே மின்விசிறி ஓடும்போதும் பிற்பகலில் நாள்தோறும் 33ஐத் தாண்டும் அறைகளை மட்டும் பட்டியலிடுங்கள். எண்ணைப் பார்ப்பதோடு பிள்ளைகளையும் பாருங்கள். மேல்தள அறையில் இரண்டரை மணிக்கு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் முன்கை பட்ட இடத்தில் நோட்டுத் தாள் நனைந்து, மை கலங்கியிருக்கும். எழுதுவதை விட்டுவிட்டு அந்தத் தாளை விசிறிக் காயவைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கவனித்தாலே அறையின் நிலை விளங்கிவிடும்.

மாடிதான் முதல் எதிரி

அளந்து பார்த்த பள்ளிகளில் பெரும்பாலும் தெரியவருவது ஒன்றுதான்: கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே சில டிகிரி வேறுபாடு இருக்கும். காங்கிரீட் தளம் காலையிலிருந்து வாங்கிய வெயிலைப் பிற்பகலில் உள்ளே இறக்குகிறது. பிள்ளைகளின் தலைக்கு மேலே அது சுட்ட தோசைக்கல் போலக் கிடக்கிறது. இந்தச் சூட்டோடு ஏசியைப் போட்டி போட விடுவது வீண் செலவு. ஆகவே ஏசி பற்றிப் பேசும் முன், மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், அல்லது வெள்ளை ஓடு பதியுங்கள். ஒரு ஏசி வாங்கும் தொகையில் இரண்டு மூன்று வகுப்பறைகளின் மாடிக்குப் பூச்சு அடித்துவிடலாம்; உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறைய வாய்ப்புண்டு. வசதியில்லாத பள்ளி சுண்ணாம்பே அடிக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் அது கரைந்து அழுக்கேறிவிடும் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரியில் மறுபடி அடிக்க வேண்டும். தகரக் கூரை என்றால் பூச்சோடு அடியில் வெப்பத்தடுப்புப் பலகையும் தேவை. குளிர்ச்சி வேண்டிக் கீற்று வேய்வதை மட்டும் நினைத்தே பார்க்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்ததற்குக் கீற்றுக் கூரையும் ஒரு காரணம்.

மேற்குச் சன்னல்களுக்கு வெளிப்புறம் நிழல் வேண்டும். உள்ளே திரை தொங்கவிட்டால், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பம் உள்ளேயேதான் தங்கும். மேற்குப் பக்கம் புங்கை நடுங்கள்; கோடைத் தொடக்கத்திலேயே புதுத்தழை விட்டு அடர்ந்துவிடும். மின்விசிறி போதாத அறையில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி எனப்படும், மின்சாரம் மிச்சமாகும் புதிய வகை விசிறி 30 வாட் அளவில் ஓடும். ஏர் கூலர் வேலூர், சேலம் போன்ற உலர்ந்த ஊர்களில் சன்னல் திறந்த அறைக்கு உதவும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

ஏசிக் கணக்கு

இவ்வளவும் செய்து அடுத்த கோடையிலும் அளந்த பிறகு, 33க்குக் கீழே இறங்காத அறைகளுக்கு ஏசி போடுவதில் தயங்க வேண்டாம். ஆனால் கடைக்காரர் சதுர அடியைக் கேட்டுவிட்டு ஒன்றரை டன் போதும் என்பார்; அது படுக்கையறைக் கணக்கு. நானூறு சதுர அடியில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் மேல்தள வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் என்பது மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். நாற்பது பிள்ளைகளின் உடலிலிருந்து வரும் வெப்பத்துக்கே ஏறத்தாழ ஒரு டன் வேண்டும். பூச்சு அடிக்காத மாடிக்கு முக்கால் டன். இவற்றையெல்லாம் மிஞ்சுவது தூய காற்று. ஒரு பிள்ளைக்கு நொடிக்குச் சுமார் 6 லிட்டர் வெளிக்காற்றாவது வகுப்பறைக்குள் வர வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அளவு. நம் ஊரின் சூடும் ஈரமும் நிறைந்த காற்றை அந்த அளவுக்கு உள்ளே விட்டுக் குளிர்விக்க மேலும் இரண்டு டன் செலவாகும். ஆக மொத்தம் ஏறத்தாழ நான்கு டன் வேண்டும்.

அந்த இரண்டு டன்னை மிச்சம் பிடிக்கத்தான் பல பள்ளிகள் சன்னலை இறுக மூடி, ஒன்றரை டன் ஏசி ஒன்றை ஓடவிடுகின்றன. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நாற்பது பேர் மூச்சுவிடும் மூடிய அறையில் கரியமில வாயு, வெளியில் உள்ள சுமார் 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவிலிருந்து அரை மணி நேரத்திலேயே 2000ஐத் தாண்டிவிடும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், தலைவலி என்பார்கள், ஒருவருக்குச் சளி பிடித்தால் வாரத்துக்குள் வகுப்பே இருமும். படிப்புக்காகப் பொருத்திய கருவி படிப்பையே மந்தமாக்கும் இந்த நிலையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெளிக்காற்று வர வழியும், உட்காற்றை வெளியேற்றும் விசிறியும் இல்லாத அறைக்கு ஏசி வாங்கவே கூடாது. விலைப்புள்ளி கேட்கும்போதே இதை எழுத்தில் கேளுங்கள்.

செலவையும் எழுதிப் பாருங்கள். நான்கு டன்னுக்கு முழுச் சுமையில் சுமார் 4 கிலோவாட் மின்சாரம் ஆகும். ஆறு மணி நேரத்தில் சராசரியாக எழுபது விழுக்காட்டுச் சுமையில் ஓடினால் நாளைக்கு 17 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டில் நூறு நாள் ஓடினால் ஓர் அறைக்குச் சுமார் 13,600 ரூபாய். இருபது அறைக்கு 2,72,000 ரூபாய். கருவியின் விலை, பராமரிப்பு, மின்சுமையைக் கூட்டுவதற்கான கட்டணம், புதிய ஒயரிங் ஆகியவை தனி. இருபது அறை ஏசிக்கு உங்கள் மின்இணைப்பு தாங்குமா என்பதை மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் முதலில் கேளுங்கள். தாங்காதென்றால் சொந்த மின்மாற்றி வைக்கும் செலவு மொத்தத் திட்டத்தையே மாற்றிவிடும்.

தனியார் பள்ளிகள் இந்தச் செலவைப் பெற்றோர் மீது ஏற்றுவதற்கு முன், தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டணச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழுவின் முன் கணக்கை வைக்க வேண்டும். பள்ளி ஏசிச் செலவைப் பெற்றோர் ஏற்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் கூறியது உண்மை. ஆனாலும் கட்டணம் கட்டியவர் பிள்ளைக்கு ஏசிப் பிரிவு, கட்டாதவர் பிள்ளைக்குச் சாதாரணப் பிரிவு என்று ஒரே பள்ளிக்குள் பிரிப்பதை எந்தச் சூழலிலும் ஏற்கக் கூடாது. பணம் குறைவாக இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும்: மழலையர் அறை, மாற்றுத்திறன் பிள்ளைகள் பயிலும் அறை, மயக்கம் வந்தால் படுக்கவைக்கும் ஓய்வறை, பிறகு அளவீட்டில் மோசமாக வந்த மேல்தள அறைகள். தலைமையாசிரியர் அறை இந்த வரிசையில் கடைசி.

பொருத்திய பின் வெப்பநிலையை 26 அல்லது 27இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள். நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியில்தான் தொடங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள். மின்சாரம் போனால் உடனே திறக்க முடியாத சன்னல் எந்த அறையிலும் இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஒவ்வொரு ஏசிக்கும் தனி ஒயரும், சுமை மிகுந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபியும், எர்த்தும் உள்ளனவா என்பதை ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் எலக்ட்ரீசியனைக் கொண்டு சரிபார்த்து, வெப்ப அளவைக் குறித்த அதே பதிவேட்டில் அவர் கையெழுத்தை வாங்குங்கள்.