மாவுக்கட்டு பிரித்த பிறகு படி இறங்க: கணுக்காலை இளக்கும் செய்முறை

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போக 62 படிகள். போன மழையில் பாசி பிடித்த ஒரு படியில் வழுக்கி, வலது கணுக்காலில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று ஊன்றுகோலோடு எப்படியோ ஏறி வீடு வந்துவிட்டேன். மறுநாள்தான் இறங்க முடியவில்லை.

காரணம் எளிது. இறங்கும்போது மேல்படியில் நிற்கும் காலின் முழங்கால், விரல்களைத் தாண்டி முன்னே போக வேண்டும். சமதளத்தில் நடக்கக் கணுக்கால் சுமார் 10 டிகிரி முன்பக்கம் மடங்கினால் போதும்; படி இறங்க அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். கட்டுக்குள் அசையாமல் கிடந்ததில் மூட்டைச் சுற்றிய உறை இறுகிவிடும், கெண்டைக்கால் தசையும் குறுகிவிடும்.

எக்ஸ்ரே பார்த்து, காலில் எடை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இதெல்லாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் நீட்டவே நீட்டாதீர்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போங்கள்.

முதலில் சூடு. மார்கழிக் குளிரில் எழுந்த கையோடு நீட்டி, நாள் முழுக்க வீக்கத்தோடு உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு வையுங்கள்.

அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் எழுதுங்கள். 'அ'வில் தொடங்கி 'ஔ' வரை. சுழியும் வளைவும் நிறைய இருப்பதால் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும். முழங்கால் அசையாமல் பாதம் மட்டும் எழுத வேண்டும்.

அப்புறம் துண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியில் துண்டைச் சுற்றி உங்களை நோக்கி இழுங்கள். 30 விநாடி, மூன்று தடவை. ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம்.

பிறகு சுவர். இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, சரியில்லாத காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். இதை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். முழங்காலை நேராக வைத்தால் கெண்டைக்காலின் மேல்தசை நீளும். அது முழங்காலையும் தாண்டிப் போகிற தசை. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்து, அடியிலிருக்கும் தசை நீளும். படி இறங்க இரண்டாவதுதான் முக்கியம். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கே இழுக்கிறது என்று கவனியுங்கள். கெண்டைக்காலில் இழுத்தால் சரி. கணுக்காலின் முன்பக்கம் நறுக்கென்று குத்தினால் தடை தசையில் இல்லை, மூட்டில். அங்கே பலவந்தம் செய்யாமல் பிசியோவிடம் காட்டுங்கள்.

வாரம் ஒரு தடவை அளவு எடுங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே தள்ளி, பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு செ.மீ. கூடினால் 3 முதல் 4 டிகிரி கூடியதாகக் கணக்கு. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் அளவு பொய்யாகக் கூடும் (நானும் ஏமாற்றியிருக்கிறேன்). உங்களுடைய இன்னொரு காலோடுதான் ஒப்பிட வேண்டும். எனக்கு இடது கால் 10. வலது கால் முதல் வாரம் 2, எட்டாவது வாரம் 8.

கணுக்கால் இளகும் வரை, படி இறங்கும்போது சரியில்லாத காலை முதலில் கீழே வையுங்கள், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். கைப்பிடி இருக்கும் பக்கமாகவே போங்கள். மழை பெய்த மறுநாள் பாசிப் படியைத் தவிர்த்து, தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிப் போகும் ஜீப் பாதையில் நடந்தேன். கால் மணி நேரம் கூடுதல்தான்.