வீட்டுக் கார்பெட்டை மாற்ற எவ்வளவு ஆகும்? நீங்களே கணக்குப் போடும் முறை

கார்பெட் கடையில் மாதிரித் துண்டின் பின்பக்கம் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை ஒட்டியிருக்கும். அதை அறையின் பரப்பளவோடு பெருக்கிப் பார்த்துவிட்டு, சரி, சமாளித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன். கடைசியில் கையில் வந்த பில், நான் போட்ட கணக்கை எங்கேயோ தாண்டியிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. கார்பெட் எப்படி விற்கப்படுகிறது, ஒரு அறைக்குள் அது எப்படிப் பொருத்தப்படுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் காரணம்.

சுவருக்குச் சுவர் விரிக்கும் கார்பெட்டை மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை எதையும் நான் சொல்லப்போவதில்லை. அது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் விலையை எங்கே, எந்த அளவோடு பெருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

படி 1: மூலையைத் தூக்கிப் பாருங்கள்

அளவெடுக்கும் டேப்பை எடுப்பதற்கு முன் ஒரு குறடு எடுங்கள். அலமாரிக்குள்ளோ கதவுக்குப் பின்னாலோ, யார் கண்ணிலும் படாத ஒரு மூலைக்குப் போங்கள். கார்பெட்டின் நுனியைக் குறட்டால் பிடித்து மெதுவாக மேலே இழுத்தால், சுவரோரம் ஆணி பதித்த மெல்லிய மரப்பட்டையிலிருந்து அது விடுபட்டு வரும். அந்த ஆணிகள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், கூர்மையானவை. வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்.

அடியில் இருக்கும் மெத்தென்ற விரிப்புதான் அண்டர்லே. அதை விரலால் அழுத்துங்கள். அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். என் வீட்டில் அது பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அப்படி இருந்தால் மேலே எவ்வளவு நல்ல கார்பெட் போட்டாலும் வீண். அண்டர்லேயையும் சேர்த்து மாற்றியாக வேண்டும்.

அடுத்து அடித்தரை. பலகைத் தரை என்றால், மேலே நடக்கும்போது கிறீச்சிடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்பெட் எடுத்த நாளில் நாலு திருகு முடுக்கினால் தீர்ந்துவிடும். புதியது விரித்த பிறகு வழியில்லை. கான்கிரீட் தரை என்றால் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் முதலில் அந்த ஈரத்துக்கு வழி பார்க்க வேண்டும். நாய், பூனை வளர்த்த வீடாக இருந்து சிறுநீர் வாடை அடித்தால், தரையைச் சுத்தம் செய்து, வாடை மேலே வராதபடி சீலர் பூச வேண்டியிருக்கும். இவையெல்லாம் பில்லில் தனித்தனி வரிகள்.

1980-களுக்கு முன் கட்டிய வீட்டில், கார்பெட்டுக்கு அடியில் பழைய வினைல் ஓடுகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டாஸ், அதாவது தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார், இருக்க வாய்ப்பு உண்டு. சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். சோதித்துப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

படி 2: அளவெடுப்பது

ஒவ்வொரு அறையிலும் மிக நீளமான இடத்தையும் மிக அகலமான இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஜன்னல் ஓரம் உள்வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து. கதவு இருக்கும் பக்கம் அளக்கும்போது, கதவு மூடியிருக்கையில் அதற்கு நேர் கீழே உள்ள கோடு வரை அளக்க வேண்டும். இரண்டு அறைகளின் விரிப்பு சந்திப்பது அங்கேதான். பதித்த அலமாரிகளின் உள்தரையை மறந்துவிடாதீர்கள்.

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்து அறையை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கதவு எங்கே, ஜன்னல் எங்கே, எந்த வழியாக அதிகம் நடக்கிறீர்கள் என்பது தெரிந்தால் போதும். அடுத்த படி முழுக்க இந்தத் தாளை வைத்துத்தான்.

விலையை ஒப்பிடும்போது அலகையும் கவனியுங்கள். சிலர் சதுர அடிக்குச் சொல்வார்கள், சிலர் சதுர கெஜத்துக்கு, சிலர் சதுர மீட்டருக்கு. 1 சதுர கெஜம் 9 சதுர அடி. 1 சதுர மீட்டர் ஏறக்குறைய 10.76 சதுர அடி. எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

படி 3: ரோல் அகலம்

செலவு ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கார்பெட்டை நமக்கு வேண்டிய அகலத்தில் வெட்டித் தர மாட்டார்கள். 12 அடி அகல ரோல் மிகப் பரவலானது. சில ரகங்கள் 15 அடி அகலத்திலும் வரும். மீட்டர் கணக்கில் விற்கும் இடங்களில் 4 மீட்டர், 5 மீட்டர் அகலங்கள் உண்டு. நீளத்தை மட்டும்தான் நாம் சொல்ல முடியும். அகலம் முழுவதற்கும் காசு கொடுத்தே ஆக வேண்டும்.

13 அடிக்கு 11 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 143 சதுர அடி. ஒவ்வொரு ஓரத்திலும் 3 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, பொருத்திய பிறகு நறுக்கி எடுப்பது வழக்கம். அப்படியானால் 11 அடி பக்கம் 12 அடி ரோலுக்குள் அடங்கிவிடும், நீளம் 13.5 அடி. வாங்க வேண்டியது 162 சதுர அடி. தரையைவிட 13 சதவீதம் கூடுதல். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் ஒட்டு எதுவும் கிடையாது. நல்ல அறை.

இப்போது 14 அடிக்கு 13 அடி அறை. பரப்பு 182 சதுர அடி. இரண்டு பக்கமும் 12 அடியைத் தாண்டுகிறது. 14.5 அடி நீளத்துக்கு ஒரு பெரிய துண்டு வெட்டினால் 174 சதுர அடி. அப்படியும் ஒரு ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்கு வெறும் தரை தெரியும். அதை நிரப்பும் துண்டுகளிலும் இழை பெரிய துண்டின் திசையிலேயே படிந்திருக்க வேண்டும். திசை மாறினால் வெளிச்சத்தில் அந்த இடம் வேறு நிறமாகத் தெரியும். அதனால் ரோலில் மேலும் 5 அடி நீளம் வெட்டி, அதிலிருந்து ஒன்றரை அடி அகலத்தில் மூன்று துண்டுகள் எடுத்து வரிசையாக ஒட்ட வேண்டும். அது இன்னொரு 60 சதுர அடி. மொத்தம் 234. தரையைவிட 52 சதுர அடி அதிகம், ஏறக்குறைய 29 சதவீதம். அத்தனை ஒட்டுகளும் வேறு.

அதே அறைக்கு 15 அடி அகல ரோல் கிடைத்தால்? 14 அடி பக்கம் ரோல் அகலத்துக்குள் போய்விடும். நீளம் 13.5 அடி. 202.5 சதுர அடியில் வேலை முடிந்தது. ஒரு ஒட்டுகூட இல்லை. சதுர அடி விலை 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் 15 அடி ரோல்தான் உங்களுக்கு லாபம்.

ஆகவே கடைக்காரரிடம் முதல் கேள்வியாக, “இந்த ரகம் எந்த அகலத்தில் வருகிறது?” என்று கேளுங்கள். நிறமும் விலையும் அப்புறம். பூ வேலைப்பாடு உள்ள ரகம் என்றால் ஒட்டும் இடத்தில் வடிவம் வடிவத்தோடு சேர வேண்டும். அதற்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள். முதல் முறை வாங்குபவர்கள் சாதா நிறத்திலேயே நிற்பது நல்லது என்பது என் கருத்து.

பெரிய அறைகளில் ஒட்டைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். நடக்கும் வழியிலும் கதவு வாசலிலும் வேண்டாம். கட்டில், சோபா வரும் பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒட்டுக்குக் குறுக்கே விழுந்தால் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். வெளிச்சம் வரும் திசையிலேயே ஒட்டும் ஓடினால் அவ்வளவாகக் கண்ணில் படாது.

வரைந்த தாளில் எந்தத் துண்டு எங்கே வருகிறது என்று ரோல் அகலத்தோடு குறித்துக்கொண்டு போங்கள். பெரிய அறையில் மிஞ்சும் துண்டு அலமாரித் தரைக்குப் போகுமா என்று பாருங்கள்.

படி 4: மாடிப்படி இருந்தால்

படிக்கட்டைத் தனிக் கணக்காக வையுங்கள். ஒரு படிக்கு மிதிபலகை 10 அங்குலம், நிமிர்ந்த பலகை ஏழரை அங்குலம், படியின் முன்விளிம்பான மூக்கைச் சுற்றி மடிக்க இன்னும் கொஞ்சம்: படிக்கு 20 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் படியை ஒரு நூலால் அளந்து சரிபாருங்கள். 13 படிக்கு 260 அங்குலம், அதாவது ஏறக்குறைய 22 அடி. 3 அடி அகலப் படி என்றால் 12 அடி ரோலில் மூன்று பட்டைகள் பக்கம் பக்கமாக வெட்டலாம். 13 படியை 5, 4, 4 என்று பிரித்தால் எட்டரை அடி நீளம் போதும். இழை கீழ்நோக்கிப் படிய வேண்டும்.

பொருள் குறைவாகத் தெரிந்தாலும் கூலி குறையாது. ஒவ்வொரு படியையும் தனியாக வெட்டி, மடித்து, அடித்துப் பொருத்த வேண்டும். பெரும்பாலும் படி ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள். வளைவுப் படிகளுக்கு அதற்கும் மேல்.

படி 5: எந்த இழை, எந்த அண்டர்லே

நைலான் மிதிபட்டாலும் திரும்ப நிமிரும். ஹால், நடைபாதை, மாடிப்படிக்கு அதுதான் சரி. பாலியெஸ்டர் தொடுவதற்கு மென்மை, கறையும் சட்டென்று பிடிக்காது. ஆனால் நடக்கும் தடத்தில் சீக்கிரம் அமுங்கிவிடும். படுக்கையறைக்குத் தாராளமாகப் போடலாம். பாலிப்ரொப்பிலீன் மலிவு. எண்ணெய்க் கறைதான் அதற்குப் பகை. கனமான மேசையைத் தரதரவென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் தடம்கூட விழும். கம்பளி அருமையான பொருள், விலையும் அப்படி.

மாதிரித் துண்டை ஆள்காட்டி விரல் மேல் வைத்து, இழை வெளியே தெரியும்படி மடித்துப் பாருங்கள். மடிப்பில் இழைகளுக்கு நடுவே அடித்துணி வெள்ளையாக எட்டிப் பார்த்தால் நெய்தல் நெருக்கமில்லை என்று அர்த்தம். தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், நெருக்கம்தான் ஆயுள்.

அண்டர்லேயில் காசைக் குறைக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். காலடியில் மெத்தென்று இருப்பதற்காக மிகத் தடிமனானதை எடுப்பவர்கள் உண்டு. அது தவறு. தடிமன் 11 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். இழையின் நுனியை வெட்டாமல் வளையமாகவே விட்ட கார்பெட்டுக்கு அதைவிடக் குறைவாக. ஃபோம் வகையில் ஒரு கன அடிக்கு 6 முதல் 8 பவுண்டு வரை அடர்த்தி உள்ளதைக் கேளுங்கள். அடர்த்தி குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் கார்பெட்டின் முதுகு வளைந்து, ஒட்டுகள் விட ஆரம்பிக்கும். உத்தரவாதச் சீட்டையும் படியுங்கள். அண்டர்லே அவர்கள் சொன்ன வகையில் இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல நிறுவனங்கள் போட்டிருக்கும்.

படி 6: கொட்டேஷனை வரி வரியாகக் கேளுங்கள்

மொத்தமாக ஒரே எண்ணைத் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். கார்பெட், அண்டர்லே, விரிக்கும் கூலி, பழையதைப் பிரித்தெடுப்பது, அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது, சாமான்களை நகர்த்துவது, ஆணிப்பட்டை, வாசலில் வரும் உலோகப் பட்டை, மாடிப்படி, தரைப் பழுது, போக்குவரத்து, வரி என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். “இலவசமாக விரித்துத் தருகிறோம்” என்றால் அந்தக் கூலி சதுர அடி விலைக்குள் போயிருக்கும். குறைந்தது மூன்று இடத்தில் வாங்கி, ஒரே ரகம், ஒரே அண்டர்லே, எத்தனை சதுர அடி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் 200 என்றும் இன்னொருவர் 240 என்றும் எழுதியிருந்தால் வெட்டும் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கதவையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் புதுக் கார்பெட் விரித்த இரவு படுக்கையறைக் கதவைச் சாத்தவே முடியவில்லை. பழையது வருஷக்கணக்கில் அமுங்கிக் கிடந்தது. புதியது அதைவிட உயரம். கதவைக் கழற்றி, அடியில் இழைத்து, திரும்ப மாட்டியதற்குத் தச்சருக்குத் தனிக் கூலி. ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டிருந்தால் அதுவும் கொட்டேஷனிலேயே வந்திருக்கும்.

எல்லாம் கூட்டிய பிறகு, தரை எப்படி இருக்கிறது என்பது முழுதாகத் தெரியாததால், பத்து சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

படி 7: எதை நீங்களே செய்யலாம்

பழையதைப் பிரிப்பதை நீங்களே செய்யலாம். முகமூடி, கையுறை கட்டாயம். கார்பெட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கி மடித்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து மூன்றடி அகலப் பட்டைகளாகக் கத்தியால் அறுங்கள். சுருட்டிக் கயிறு கட்டினால் ஒரு ஆள் தூக்கிவிடலாம். அண்டர்லேயைப் பிடித்திருக்கும் பின்களைக் குறட்டால் ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள். ஆணிப்பட்டை துருப்பிடிக்காமல் உறுதியாக இருந்தால் அப்படியே விடுங்கள்; புதியது வாங்கும் செலவு மிச்சம். சாமான்களை நகர்த்துவதும் உங்கள் வேலையாக இருக்கலாம். இந்த மூன்று வரிகளும் கொட்டேஷனிலிருந்து கழிந்துவிடும்.

விரிப்பதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். முழங்காலால் உதைத்து இழுக்கும் சிறு கருவி மூலைகளுக்கும் அலமாரிக்கும் போதும். பெரிய அறையை, ஒரு சுவரில் ஊன்றி எதிர்ச்சுவர் வரை நீளும் கம்பிக் கருவியால் இழுத்துப் பொருத்த வேண்டும். அது இல்லாமல் செய்தால் கொஞ்ச நாளில் அலை அலையாகச் சுருக்கம் விழும். திரும்ப இழுத்துக் கட்டுவதற்கு இன்னொரு கூலி. “அந்தக் கருவி கொண்டுவருவீர்களா?” என்று ஆளை அமர்த்தும்போதே கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரங்களில் மெதுவாக நடந்து பாருங்கள். ஆணி முனை காலில் குத்தக் கூடாது. ஒட்டுகளை மண்டியிட்டுத் தடவிப் பாருங்கள். எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். மிஞ்சிய துண்டுகளில் பெரியது ஒன்றைக் கேட்டு வாங்கி, சுருட்டி அலமாரி மேல் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி விழுந்து ஒரு இடம் கருகினால் அதிலிருந்து வெட்டித்தான் ஒட்டுப் போட வேண்டும். புது வாடை போக இரண்டு மூன்று நாள் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.