வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர் பிரிட்டனில் உளவியல் முதுகலை படிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழே வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். மனத்துயரைத் தாய்மொழியில் சொல்ல, அதைப் பயிற்சியோடு கேட்கும் ஆள் அவர்களுக்கு வேண்டும். வணிகவியலோ கணிதமோ படித்து முடித்த பின் இந்தத் தேவையை உணர்ந்து உளவியலுக்கு மாற நினைக்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தொலைநிலை, இணையவழி முறைகளில் உளவியல் நடத்துவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலைப் பருவம் முதல் தடை விதித்துவிட்டதால், வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாம் என்ற பழைய யோசனை இப்போது உதவாது. வெளிநாடு செல்ல வசதி இருப்பவர்கள் வேறு பாடப் பட்டதாரிகளை உளவியலுக்கு மாற்றும் பிரிட்டனின் ‘கன்வெர்ஷன்’ எம்.எஸ்ஸி.யைப் பற்றி விசாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் படிப்பு எப்படி நடத்தப்படுகிறது, அங்கே கிடைக்கும் உதவிகளை எப்படிப் பெறுவது என்பதை இங்கே சொல்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்பை உரிய மதிப்பெண்ணோடு முடித்தால்தான் அச்சங்கத்தின் பட்டய உறுப்பினர் (சார்ட்டர்ட் மெம்பர்) ஆவதற்கான அடிப்படைத் தகுதி கிடைக்கும். அங்கே மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சிக்கு அந்தத் தகுதியைக் கேட்பார்கள். ஆனால் இந்தப் பட்டம் மட்டும் யாரையும் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் ஆக்கிவிடாது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் யார் என்பதை இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பு பெற்ற பயிற்சியோடு சேர்த்தே வரையறுக்கிறது. வீட்டை அடமானம் வைத்துக் கட்டணம் செலுத்தும் பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

முழுநேரப் படிப்பு ஓராண்டு. மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அந்நாட்டுக் கணக்கு, ஆக 1,800 மணி நேரம். 20 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 200 மணி நேரம் என்றாலும் வகுப்பறையில் கழிவது அதில் சிறு பங்கே. மீதி நேரம் தனியாக வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் உரியது. உயிரியல் உளவியல், அறிதல் உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், தனியாள் வேறுபாடுகள், உளவியலின் கருத்தியலும் வரலாறும், ஆய்வுமுறை ஆகியவை கட்டாயப் பகுதிகள். இளங்கலை மாணவர்கள் மூன்றாண்டில் படிப்பதன் சாரம் ஓராண்டில் அடங்குவதால், ஒரு வாரம் வாசிப்பைத் தள்ளிப்போட்டால் அடுத்த வாரக் கலந்துரையாடல் புரியாமல் போகும். அந்தக் கலந்துரையாடல்களில் ஆசிரியர் முன் வாய் திறக்காமல் இருப்பதை யாரும் மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டுரையை வாசித்துவிட்டு ஒரு கேள்வியாவது எழுதிக்கொண்டு போங்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் திணறுவது ஆய்வுமுறையிலும் புள்ளியியலிலும்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விரிவுரையில் கோட்பாட்டைக் கேட்டு, கணினி வகுப்பில் தரவைக் கையாண்டு, பின்னர் அதையே ஆய்வறிக்கையாக எழுதிக் கொடுப்பது வழக்கமான வரிசை. டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, தொடர்புப் போக்கு ஆகிய புள்ளியியல் கணக்கீடுகளை எஸ்.பி.எஸ்.எஸ்., ஆர் (R), ஜாஸ்ப் (JASP) போன்ற மென்பொருள்களில் செய்யச் சொல்வார்கள். இவற்றில் ஆர், ஜாஸ்ப் இரண்டும் இலவசம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அவற்றைக் கணினியில் நிறுவி, சிறு தரவு ஒன்றை உள்ளிட்டு, சராசரியும் திட்ட விலக்கமும் எடுத்துப் பழகிவிடுங்கள். கணிதமும் வணிகவியலும் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கை ஓங்கியிருக்கும். ஆனால் கணக்குச் சரியாக வந்தால் மட்டும் போதாது. அந்த எண் மனித நடத்தையைப் பற்றி என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எழுதத் தெரிய வேண்டும். முதுகலையில் 50 தேர்ச்சி, 70 மிகச் சிறப்பு என்பதால், முதல் அறிக்கைக்கு 58 வந்தால் சோர்ந்துவிடாமல், ஆசிரியர் எழுதித்தரும் கருத்துரையை வரிவரியாகப் படித்து அடுத்த அறிக்கையைத் திருத்துங்கள்.

உதவிகள் பல இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத்தான் பெற வேண்டும். உங்களுக்கென ஒதுக்கப்படும் தனி ஆசிரியரைப் பிரச்சினை வந்த பிறகு தேடாமல் முதல் மாதத்திலேயே சந்தித்துவிடுங்கள். பாட ஆசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம், கல்வி ஆங்கிலம் எழுதச் சொல்லித்தரும் மையம், உளவியல் பிரிவுக்கான நூலகர் என எல்லாமே மாணவருக்காகத்தான். உடல்நலக் குறைவோ வீட்டில் துக்கமோ நேர்ந்தால் கெடு முடிவதற்கு முன்பே சான்றுகளோடு கால நீட்டிப்புக்கு எழுத வேண்டும். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமமோ வேறு குறைபாடோ உள்ளவர்களுக்கு, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பல்கலைக்கழகம் செய்து தர வேண்டும். அது வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும். பகுதிநேர வேலை கல்விப் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. முதுகலை மாணவருக்குக் கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களும் கல்விப் பருவக் கணக்கில்தான் வரும் என்பதைப் பலர் அறியாமல் விசாச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆய்வேட்டில் தேறாவிட்டால் மற்றத் தாள்களில் எவ்வளவு வாங்கினாலும் முன்சொன்ன அடிப்படைத் தகுதி கிடைக்காது. நம் பகுதியிலிருந்து செல்பவர்கள் இருமொழி பேசும் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் மனநலம் போன்ற தலைப்புகளை எடுக்க விரும்புவது இயல்பு; எடுக்கவும் வேண்டும். ஆனால் அறநெறிக் குழு ஒப்புதல் தரும் முன் ஒருவரிடம்கூடத் தரவு திரட்டக் கூடாது. ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கினால், அதை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பொருள் ஒத்திருக்கிறதா எனச் சரிபார்ப்பது முறை. நெறியாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், அந்த வேலைக்கு உதவக்கூடிய இருவரை ஊரில் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் ஒப்புதலை எப்படி வாய்மொழியாகப் பெறுவீர்கள், யார் சாட்சி, அவர் பாதியில் விலக விரும்பினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அறநெறி விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.