குழந்தைகள் ஊழியத்துக்கு வெளிநாடு போகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

கம்போடியாவில் ஒரு குழந்தைகள் இல்லம். சென்னையிலிருந்து 8 பேர், 15 நாள் ஊழியத்துக்காகப் போயிருந்தோம். வேனை விட்டு இறங்கியதுமே 4 வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அன்றிரவு ஜெபத்தில் அதைத்தான் சாட்சியாகச் சொன்னேன். பார்த்த மாத்திரத்தில் பிள்ளை ஒட்டிக்கொண்டது, தேவன் வாசலைத் திறந்திருக்கிறார் என்று. மறுநாள் அவள் என்னிடம் ஏதோ கேட்டாள். மொழிபெயர்க்க வந்திருந்த அக்கா சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்கள் எப்போது போவீர்கள் என்று கேட்கிறாள்."

பெரம்பூரில் 14 ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள் நான். பழகிய இரண்டாம் நாளில் எந்தப் பிள்ளையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் கை நீட்டினால் 4 வயதுப் பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அவள் சிரித்தால்தான் ஓரடி முன்னால் வரும். நலமாக வளரும் குழந்தையின் இயல்பு அது. யார் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, திரும்பிப் பார்க்க ஒரு முகம் இல்லை. நாங்கள் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டோம்.

சுமார் 6 மாதத்திலிருந்து குழந்தை தன்னைக் கவனிக்கும் ஒரு சிலரோடு ஆழமாகப் பிணைந்துகொள்கிறது. இந்தப் பிணைப்பைப் பற்றி விரிவாக எழுதியவர் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் மனப்பிணைப்பிலும் முன்னேறினார்கள். அதிலும் 2 வயதுக்கு முன்பே போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். சிறு குழந்தைக்கு வேண்டியது மாறாத சில கைகள் என்பது இதிலிருந்து விளங்குகிறது. நாங்களோ மாறிக்கொண்டே இருக்கும் கைகளாகப் போனோம். மாதம் ஒரு குழு வந்து போகிறது என்று வையுங்கள். அந்தப் பிள்ளை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பிரிவைச் சந்திக்கிறது.

நம் சபைகளில் குழந்தைகள் ஊழியம் என்றதும் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் பெயரைத்தான் சொல்வார்கள். அவருடைய கதையைச் சொல்லி வாலிபர்களை 15 நாள் பயணத்துக்கு அழைக்கும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் டோனாவூரிலேயே இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தார்கள் என்றால், அந்த வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை அது.

அத்தனை ஆண்டுகள் எல்லோராலும் முடியாது, எனக்கும் முடியவில்லை. அதனால் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தையை நேராகத் தேடிப் போகாதீர்கள். அங்கே நிரந்தரமாக இருப்பவரைத் தேடிப் போங்கள். நாங்கள் போன இல்லத்தில் ஒரே ஆயா 12 பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அதிகாலையில் துணி துவைக்க உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார். நாங்கள் எட்டுப் பேரும் அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தோம். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். துணியை நாங்கள் துவைத்து, பாத்திரத்தை நாங்கள் தேய்த்திருந்தால் அவருடைய மடி காலியாகியிருக்கும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர் கையால் நடக்கட்டும். உங்களில் நர்ஸ் இருந்தால், ஆசிரியை இருந்தால், உங்களுக்குத் தெரிந்ததை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அது அங்கே இருக்கும்.

அடுத்தது, அநாதை இல்லம் என்று பலகை இருந்தால் உள்ளே இருப்பவர்கள் அநாதைகள் என்று நம்பிவிடுவது. கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது யுனிசெஃப் உதவியுடன் நடந்த ஆய்வில் தெரியவந்தது. பள்ளிக்கூடம் கிடைக்கும், மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்று பெற்றோரே விட்டுச் செல்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பணம் கொடுக்கிறார்கள். பணம் வருவதால் இல்லங்கள் பெருகுகின்றன. இல்லங்களை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். காணிக்கைப் பையில் நாம் போட்ட ரூபாய் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்திருக்கக்கூடும் என்பதை நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆஸ்திரேலியா தன் 2018-ஆம் ஆண்டு நவீன அடிமை முறைச் சட்டத்தை ஒட்டி, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் நவீன அடிமைத்தனமாகவே பார்க்கிறது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையும் இதைப் பற்றித் தீர்மானத்தில் கவலை தெரிவித்தது.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள். அரசுப் பதிவு இருக்கிறதா? பெற்றோர் வந்து பார்க்கிறார்களா? கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்றால் போகாதீர்கள். உங்களைப் பற்றி அவர்கள் எதுவுமே கேட்கவில்லை என்றாலும் போகாதீர்கள். எங்களிடம் ஒரு தாள்கூடக் கேட்கவில்லை, நேராகப் பிள்ளைகள் படுக்கும் அறைக்கே அழைத்துப் போனார்கள். அதை விருந்தோம்பல் என்று நினைத்தோம். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால், வரக்கூடாதவனும் நுழையலாம்.

அவர்கள் கேட்காவிட்டாலும் போலீஸ் நற்சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்தப் பிள்ளையோடும் தனியாக, மூடிய கதவுக்குள் இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கழிப்பறைக்கு அழைத்துப் போவது ஆயாவின் வேலை. இதைச் சொன்னால் "நம் சபை ஆள்தானே, அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா?" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். விதி எல்லோருக்கும் இருந்தால் யாரையும் தனியாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது அதன்படி குற்றம். இந்தியர் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் இங்கே வழக்குத் தொடர முடியும் என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் பிரிவே சொல்கிறது. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்தால், அந்தச் சிறியவருக்கு இடறலாக இருப்பது நாம்தான்.

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் நம் குழுக்கள் ஏதோ ஊட்டிக்குப் போவதுபோல் கிளம்பிவிடுகின்றன. 2015-ல் வந்த நேபாள அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரைத் தண்டனைக்குப் பின் நாடு கடத்துவார்கள். நீங்கள் திரும்பிவிடுவீர்கள். உங்களை வரவேற்ற உள்ளூர் விசுவாசிகள்தான் காவல் நிலையத்துக்கு அலைவார்கள். மற்ற நாடுகளிலும் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத ஊழியம்கூடச் செய்யலாமா என்று தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிச் சட்டம் இல்லாத ஊரிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. சுவிசேஷத்தை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அதைச் சொல்லும் ஆசை எனக்கு உண்டு. ஆனால் 5 வயதுப் பிள்ளைக்கு பிஸ்கட்டைக் கொடுத்து, பெற்றோருக்குத் தெரியாமல் ஜெபம் சொல்லவைப்பது சுவிசேஷம் அல்ல. உங்கள் பிள்ளையை யாரோ ஒருவர் உங்களிடம் சொல்லாமல் கூட்டிப்போய் வேறொரு வழிபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? முதலில் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைப் பாருங்கள். நீங்கள் யார், என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கும் பிஸ்கட் கொடுங்கள்.

கம்போடியாவில் முதல் நாள் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஜெபித்தேன். நமக்கு அது ஆசீர்வாதம். அங்கே தலை உடலின் மிகப் புனிதமான பகுதி. அந்நியர் தொடுவது மரியாதைக் குறைவு. ஆயா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்றாம் நாள்தான் மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். மிஷனரி முதலில் மாணவனாக இருந்தார். நாங்கள் கையசைத்துப் பாடும் ஆங்கிலப் பாட்டுகள் பத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனோம், அந்தப் பிள்ளைகள் பேசும் கெமர் மொழியில் "வலிக்கிறதா?" என்று கேட்கத் தெரியாது.

புகைப்படம். திரும்பி வந்த ஞாயிறு சபையில் படங்களைத் திரையில் காட்டினோம். மூக்கொழுகும் முகம், கிழிந்த சட்டை. ஆராதனை முடிந்ததும் தோழி ஒருத்தி என்னைத் தனியாக அழைத்து, "நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையை இப்படி எடுத்து, அதன் அம்மாவைக் கேட்காமல் போட்டிருப்பாயா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக்கூடாது என்று இங்கே 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் சொல்கிறது. நம் பிள்ளைக்குக் கொடுக்கும் மதிப்பு அந்தப் பிள்ளைக்கும் உண்டு. அவர்கள் வரைந்த படத்தை எடுங்கள், நட்ட செடியை எடுங்கள், முகம் வேண்டாம்.

உடல்நலத்தில் இரண்டு விஷயங்கள். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். கடலை மிட்டாய் கொண்டுபோகும் பழக்கத்தையும் விடுங்கள், 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும்.

விடைபெறுவதில்தான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். பிள்ளைகள் அழக்கூடாது என்று கடைசி நாள்வரை சொல்லவில்லை. "சீக்கிரம் வருவேன்" என்று அந்தச் சிறுமியிடம் சொன்னேன். வருவேனா என்று எனக்கே தெரியாது. அவள் அழவில்லை. நாங்கள் வேனில் ஏறுவதற்கு முன்பே துப்பட்டாவை விட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வண்டிக்காக.

இரண்டு ஆண்டுகள் கழித்து நேபாளத்தில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். முதல் நாளே வண்ணக் காகிதத்தில் 15 வளையங்கள் செய்து சங்கிலியாகக் கோத்துச் சுவரில் தொங்கவிட்டேன். தினமும் மாலையில் ஆசிரியை ஒரு பிள்ளையை அழைத்து ஒரு வளையத்தைக் கிழிக்கச் சொல்வார். இன்னும் இத்தனை நாள்தான் இந்த அத்தை இருப்பார் என்று எண்ணிச் சொல்வார். எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கடைசி வளையத்தை ஒரு பையன் கிழிக்க மாட்டேன் என்று கையில் மாட்டிக்கொண்டான். அவனை அழைத்துப்போக வந்த பாட்டியிடம் அதைத் தூக்கிக் காட்டி நீளமாக ஏதோ சொன்னான். பாட்டி சிரித்தபடி குனிந்தார். அவன் அவர் முதுகில் ஏறிக்கொண்டான். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போனான்.