டிரம் கோர் தாளத்தைக் கேட்டு எழுதும் முறை

டிரம்களும் பித்தளைக் கருவிகளும் வாசித்தபடி திடலில் அணிவகுக்கும் அமெரிக்க டிரம் கோர் குழுக்களின் தாள வாசிப்பைக் கேட்டு எழுத விரும்புபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தப் பதிவிலிருந்து எழுதுவது என்பதைத்தான். அரங்கப் பதிவு இதற்குப் பெரும்பாலும் பயன்படாது. அமெரிக்கக் கால்பந்துத் திடலின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். அதன் பின்கோட்டில் அடிக்கும் ஸ்னேரின் (அடித்தோலில் கம்பிகள் பொருத்திய, கூர்மையாக ஒலிக்கும் டிரம்) ஒலி முன்கோட்டை எட்ட 0.14 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 கால் நோட்டு என்ற வேகத்தில் ஒரு பதினாறாம் நோட்டின் (கால் நோட்டின் நான்கில் ஒரு பங்கு) நீளம் 0.083 விநாடிதான் என்பதால், திடலின் முன்கோட்டிலும் பின்கோட்டிலும் நிற்பவர்கள் சரியாகவே வாசித்தாலும் பதிவில் ஒரு நோட்டுக்கு மேல் விலகிக் கேட்கும். அந்த விலகலைத் தாளமாக எண்ணி எழுதிவிடக் கூடாது. போட்டிக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் குழுவினர் அரைவட்டமாக நின்று வார்ம்-அப் செய்யும்போது அருகிலிருந்து எடுக்கப்பட்ட காணொளிகளே நம்பத்தக்க மூலம். அரங்கப் பதிவைப் பகுதிகளின் வரிசையையும் ஒலி ஏற்ற இறக்கத்தையும் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காணொளியின் ஒலியைத் தனியே பிரித்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் சுருதி மாறாமல் பாதி வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டைக்கூட எழுதுவதற்கு முன், வாசிப்போடு சேர்ந்து எண்ணி, எத்தனை பார்கள் (எண்ணிக்கைத் தொகுதிகள்), எங்கே வேகம் மாறுகிறது, எங்கே நான்கு எண்ணிக்கை மூன்றாகவோ ஐந்தாகவோ ஆகிறது என்பதை வெற்றுப் பார்களாக வரைந்துவிட வேண்டும். அதன்பின் அழுத்த அடிகளை, அதாவது ஆக்சென்ட்களை மட்டும், அவற்றுக்குரிய இடங்களில் குறியுங்கள். ஆக்சென்ட்கள் தெளிவாகக் கேட்பவை. இடையில் வரும் தாழ்ந்த அடிகளைப் பெரும்பாலும் கையின் ஓட்டத்தைக் கொண்டே ஊகிக்க முடியும்.

இந்தக் கலையில் காதைவிடக் கை பெரிய சாட்சி. ஒரே எண்ணிக்கைக்குள், அதாவது ஒரு கால் நோட்டுக்குள், வலது, இடது, வலது வலது, இடது இடது என்று ஆறு அடிகள் விழுவதாகக் கொள்வோம். அது சம இடைவெளியுள்ள ஆறு நோட்டுகளாக, அதாவது பாராடிடில்-டிடிலாக இருக்கலாம். அல்லது நான்கு பதினாறாம் நோட்டுகளில் பின்னிரண்டும் டிடிலாக, அதாவது ஒரே கையின் இரட்டை அடியாக, இரட்டித்தவையாக இருக்கலாம். ஸ்டிக்கிங்கும் (எந்த அடி எந்தக் கையால் என்பது) அடிகளின் தொகையும் இரண்டிலும் ஒன்றே. முழு வேகத்தில் கேட்பவருக்கு வேறுபாடு எளிதில் பிடிபடாது. மூன்றாம் அடியைப் பார்த்தால் குழப்பம் தீரும். முதல் வகையில் அது எண்ணிக்கையின் மூன்றில் ஒரு பங்கு கழிந்தவுடன் விழும்; இரண்டாம் வகையில் சரிபாதியில் விழும். மெட்ரோனோமில் (சீரான தாளம் ஒலிக்கும் கருவி) அரை எண்ணிக்கையும் ஒலிக்கும்படி வைத்து, மூன்றாம் அடி அந்தச் சத்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒலி அலையின் வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும்.

ஸ்டிக்கிங்கைக் காணொளியில்தான் கண்டறிய வேண்டும். விநாடிக்கு 30 படங்கள் கொண்ட பதிவில், 180 வேகத்தில், டிடிலின் இரு அடிகளுக்கிடையே ஒரு படத்துக்குச் சற்று அதிகமான நேரமே இருக்கிறது; ஆகவே 60 படங்கள் கொண்ட பதிவு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாம் (முதன்மை அடிக்குச் சற்றே முன்பு மறு கை மெல்ல அடிப்பது) என்று கேட்பது உண்மையில் ஃபிளாம்தானா, வரிசையில் இருவர் சற்று விலகி அடித்ததா என்ற ஐயத்துக்கும் கைகளே விடை தரும்: ஃபிளாமில் ஒரு குச்சி உயரத்திலிருந்தும் மற்றது தாழ்விலிருந்தும் இறங்கும்.

எழுதும்போது ஸ்னேரை ஸ்டாஃபின் ஐந்து கோடுகளில் மேலிருந்து இரண்டாவது இடைவெளியில் வையுங்கள். டிடிலுக்குத் தண்டின் குறுக்கே ஒரு சாய்கோடு, பஸ் ரோலுக்குத் (குச்சியைத் தோலில் அழுத்தி அதிரவிடுவது) தண்டில் 'இசட்' எழுத்து, ஃபிளாமுக்கு முன்னால் ஒரு சிறு நோட்டு என்பவை பரவலான வழக்கம். ரிம் ஷாட் (தோலையும் விளிம்பையும் ஒருசேர அடிப்பது) குறி எழுதுபவருக்கு எழுதுபவர் மாறுவதால் முதல் பக்கத்திலேயே குறி விளக்கம் தருவது நல்லது. ஒலி அளவோடு குச்சியின் உயரத்தையும் 3, 6, 9, 12 அங்குலம் என்று குறித்தால் வாசிப்பவர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

ஒருவரே சுமந்து வாசிக்கும் டிரம் தொகுப்பான டெனரில் சிறு டிரம்கள் நீங்கலாக நான்கு பெரிய டிரம்கள் உண்டு. வாசிப்பவர் நிற்கும் நிலையில், உயர்ந்த சுருதியிலிருந்து எண்ணினால், ஒன்றாவது நடுவில் வலப்பக்கமும், இரண்டாவது நடுவில் இடப்பக்கமும், மூன்றாவது வலக்கோடியிலும், நான்காவது இடக்கோடியிலும் அமையும். சுருதி படிப்படியாக இறங்கும் ஒரு வரிசைக்குக் கைகள் வலமும் இடமுமாக மாறிச் செல்லும் என்பதால், நீங்கள் எழுதியது கைக்கு எட்டாத பாய்ச்சலாகத் தெரிந்தால், டிரம்மையோ ஸ்டிக்கிங்கையோ மறுபடியும் சோதியுங்கள். ஒரு கை மற்றதைத் தாண்டிச் செல்லும் இடங்களையும் குறிப்பிடுங்கள்.

தாழ்ந்த சுருதியுள்ள பெரிய டிரம்களான பாஸ் வரிசையில் பொதுவாக ஐவர், ஆளுக்கொரு டிரம். ஐவரும் பகிர்ந்துகொள்ளும் ஓட்டத்தை ஒரே ஸ்டாஃபில், மிகச் சிறிய டிரம் மேலே இருக்கும்படி, ஒரு மெட்டைப் போல எழுதுங்கள். முடித்த பின் ஒவ்வொருவரின் நோட்டுகளையும் தனியே பிரித்து, அவர் எண்ணிக்கை தவறாமல் வாசிக்க முடியுமா என்று பாருங்கள். மியூஸ்ஸ்கோர் அல்லது சிபேலியஸில் உள்ளிட்டு மீட்டிக் கேட்பது எழுத்துப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கணினிக்குக் கைகள் இல்லை. ஆகவே ஸ்னேர் பகுதியைப் பயிற்சிப் பலகையில் நீங்களே மெதுவாக வாசித்து, கை தடுமாறும் பாரை மீண்டும் காணொளியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.